டீசல் விலை: கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஒட்டன்சத்திரத்தில் சொந்தமாக ஒரு குட்டியானை லோடு வண்டி வைத்து ஓட்டுகிறேன். விடியற்காலையில் மார்க்கெட்டில் காய் ஏற்றி திண்டுக்கல், நத்தம் வரை இறக்குவேன். போன வாரம் மச்சான் வீட்டுக் காதுகுத்தில் டீசல் விலையைப் பற்றிப் பேச்சு வந்து கைகலப்பு வரைக்கும் போய்விட்டது. பழைய காங்கிரஸ் ஆட்சி வாங்கிவைத்த கடனைத்தான் இன்னும் அடைக்கிறார்கள் என்கிறார் மச்சான். எல்லாம் மத்திய அரசு வரி என்கிறான் தம்பி. மாநிலம் தன் வாட் வரியைக் குறைத்தால் என்ன என்று சித்தப்பா. பங்க்காரன் கொள்ளையடிக்கிறான் என்று இன்னொருவர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வாடகையை ஏற்றினால் வியாபாரி வேறு வண்டி பார்க்கிறார், ஏற்றாவிட்டால் டியூ கட்ட முடியவில்லை. கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று டிவியில் சொல்கிற நாளிலும் பங்க்கில் ஏன் இறங்குவதில்லை? யார்தான் பொறுப்பு? நேராகச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நேராகவே சொல்கிறேன். பெரிய பொறுப்பு மத்திய அரசுக்கு. அடுத்தது மாநில அரசுக்கு, எந்தக் கட்சி ஆண்டாலும். உங்கள் மச்சான் சொல்கிற கடன் உண்மைதான், ஆனால் அது காரணம் இல்லை. பங்க்காரரை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கடைசியில் கேட்டீர்களே, இறங்குகிற நாளிலும் ஏன் இறங்கவில்லை என்று, அதுதான் சரியான கேள்வி. விலை ஏறியதற்கு யார் காரணம் என்று கேட்டால் அரபு நாடு, உக்ரைன் போர், டாலர் என்று ஆளுக்கொன்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாம் கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறவர்கள், அதனால் அதிலெல்லாம் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டது யார் என்பதற்குத் தேதியோடு பதில் இருக்கிறது.

பெட்ரோல் விலையை அரசு நிர்ணயிக்காது, சந்தையோடு போகட்டும் என்று 2010 ஜூனில் மன்மோகன் சிங் அரசு முடிவு செய்தது. டீசலுக்கு அதையே 2014 அக்டோபரில் மோடி அரசு செய்தது. ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டது. அந்தச் சமயத்தில்தான் உலகச் சந்தையில் விலை சரியத் தொடங்கியது. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பது டாலருக்கும் கீழே போனது. டெல்லியில் பெட்ரோல் எவ்வளவு இறங்கியது தெரியுமா? 71 ரூபாயிலிருந்து அறுபதுக்குப் பக்கத்தில். அவ்வளவுதான். 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் மத்திய அரசு தன் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றியது. விலை இறங்க இறங்க, அந்த இடைவெளியில் வரி வந்து உட்கார்ந்துகொண்டது. பங்க்கில் நமக்கு விலை பெரிதாக மாறாததால் யாரும் கவனிக்கவில்லை.

அப்புறம் 2020. அந்த மே மாத முதல் வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஊரடங்கு. காய்கறி வண்டிக்கு மட்டும் பாஸ். கொரோனா பரவியதால் மே 5 அன்று கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். அதற்கு ஓரிரு நாள் முன்னால்தான் தமிழக அரசு வாட் முறையை மாற்றியிருந்தது. சதவீதம் மட்டும் என்றிருந்ததை, குறைந்த சதவீதமும் அதன்மேல் லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையும் என்று ஆக்கினார்கள். டீசலுக்கு 11 சதவீதம், கூடவே 9 ரூபாய் 62 காசு. எண்ணெய் விலை எவ்வளவு விழுந்தாலும் அந்த 9 ரூபாய் 62 காசு விழாது. அதனால் அன்றே இங்கே டீசல் 2 ரூபாய் 50 காசும் பெட்ரோல் 3 ரூபாய் 25 காசும் ஏறின. கோயம்பேடு மூடிய அதே நாள் இரவு மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய் ஏற்றியது. கச்சா எண்ணெய் பீப்பாய் இருபது டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரே வாரத்தில், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மக்கள் மேல், இரண்டு அரசும். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதோடு டீசலுக்கு மத்திய கலால் வரி லிட்டருக்கு 31 ரூபாய் 83 காசு ஆனது. 2014 மே மாதம் அது எவ்வளவு? 3 ரூபாய் 56 காசு.

உங்கள் மச்சான் சொல்கிற கடனுக்கு வருகிறேன். விலையை ஏற்றாமல் இருப்பதற்காக எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதில் கடன் பத்திரம் கொடுத்தது மன்மோகன் சிங் அரசு. தப்பான வழி. இன்றைய பில்லை நாளைக்குத் தள்ளிவிடுவது, அதற்கு வட்டியும் கட்டுவது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் கணக்கு என்ன? 2021-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் இதையே காரணமாகச் சொன்னபோது கொடுத்த விவரப்படி, ஏழு வருடத்தில் கட்டிய வட்டி சுமார் 70,000 கோடி. பாக்கி இருந்த அசல் சுமார் 1.3 லட்சம் கோடி. இரண்டையும் கூட்டினால் 2 லட்சம் கோடி. 2020-21 என்ற ஒரே வருடத்தில் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியாக மத்திய அரசுக்கு வந்தது 3.72 லட்சம் கோடி. மொத்தக் கடனையும் வட்டியோடு அடைத்துவிட்டு மிச்சமும் பிடித்திருக்கலாம்.

தடுப்பூசிக்கும் ரேஷனுக்கும் பணம் வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் 2020 மே மாத வரி ஏற்றத்துக்கு எட்டு மாதம் முன்பு, 2019 செப்டம்பரில், இதே அரசு கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தது. வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே சொன்னது. லாபத்தின் மீதான வரி லாபம் வந்தால்தான் விழும். டீசல் வரி அப்படியா? அன்றைக்கு லோடு கிடைத்ததா இல்லையா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2021-இல் பெட்ரோல் மீதான மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ், சிறப்பு வரி என்று பெயர் மாற்றி டெல்லியிலேயே நிற்பவை. மாநிலங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் உங்கள் சித்தப்பா கேட்டதும் சரி. 2021 தேர்தலில் பெட்ரோலுக்கு 5 ரூபாய், டீசலுக்கு 4 ரூபாய் குறைப்போம் என்றது தி.மு.க. ஆகஸ்ட் பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தார்கள். டீசலுக்கு ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த மாதமே மத்திய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சில் லக்னோவில் கூடியது. பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவதா என்று பேச்சு வந்தபோது இப்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தார்கள். வெளியே மேடை போட்டு ஒருவரையொருவர் திட்டுகிற கட்சிகளெல்லாம் அந்த அறையில் ஒரே பக்கம்.

சந்தையோடு தினமும் விலை மாறும் என்று சொன்னார்களே, அதிலும் ஒரு விஷயம் உண்டு. 2021 நவம்பரில் வரியைக் கொஞ்சம் குறைத்தார்கள், டீசலுக்கு 10 ரூபாய். அதற்கப்புறம் உத்தரப் பிரதேசம் உட்பட ஐந்து மாநிலத் தேர்தல் முடிகிற வரை 137 நாள் விலை அசையவே இல்லை. முடிந்ததும் 16 நாளில் 14 முறை ஏறி 10 ரூபாய் கூடியது. இதைச் சந்தை விலை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பங்க்காரர் விஷயம். நான் வழக்கமாகப் போகிற பங்க்கில் ஒரு அம்மா நிற்பார், துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டு. ஒருநாள் எனக்கு முன்னால் நின்றவர் விலையைப் பார்த்துவிட்டு அவரைக் கண்டபடி பேசினார். அந்த அம்மா பதிலே சொல்லவில்லை. பம்ப்பைக் காட்டி, "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்றார். பங்க் முதலாளிக்குக் கிடைப்பது லிட்டருக்குச் சில ரூபாய் கமிஷன். அந்த அம்மாவுக்கு மாசச் சம்பளம். அளவில் ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம், ஐந்து லிட்டர் அளவுக் குவளையைக் கேட்டு அளந்து பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. விலைக்கு அவர்கள் பொறுப்பில்லை.

மச்சானிடம் இந்தக் கணக்கை மட்டும் போட்டுக் காட்டுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2014 மே மாதம் அதில் மத்திய கலால் வரி 36 ரூபாய்க்கும் கீழே. 2020 மே மாதத்திலிருந்து 2021 நவம்பர் வரை தினம் 318 ரூபாய். வித்தியாசம் ஏறக்குறைய 280 ரூபாய். ஒன்றரை வருடம், ஓட்டிய ஒவ்வொரு நாளும். டியூ கட்டாமல் நின்ற மாதங்கள் எவை என்று உங்கள் நோட்டில் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.