பழைய ஃபோர்டுக்குப் புது வீல்: டெபாசிட் கட்டும் முன் (கேள்வி-பதில்)

கேள்வி: அண்ணா, தாத்தா ஓட்டிய 1946 ஃபோர்ட் செடானை ஸ்ட்ரீட் ராடாக (புதுப் பாகங்கள் போட்டு ரோட்டில் ஓட்டும் பழைய காராக) மாற்றிக்கொண்டிருக்கிறேன். முன்னால் பழைய ஆக்சிலிலேயே டிஸ்க் பிரேக் கிட் போட்டாகிவிட்டது. பின்னால் ஃபோர்ட் 9 இஞ்ச் டிஃப் (டிஃபரென்ஷியலோடு சேர்ந்த பின் ஆக்சில்). அதன் பி.சி.டி., அதாவது வீலை மாட்டும் ஸ்டட்டுகளின் நடு வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம், 114.3 மி.மீ. என்று விற்றவர் சொன்னார். முன்பக்கத்தை நானே டேப் வைத்து அளந்தேன். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து எதிர்ப்பக்க ஸ்டட்டின் நடுவுக்கு 114, 115 மி.மீ. வருகிறது. இங்கே ஒரு கடையில் 15 இஞ்ச் மேக்ஸ் (அலாய் வீல்) நான்கு, 7 இஞ்ச் அகலம், 114.3 அளவில் நல்ல விலைக்கு இருக்கின்றன. 5,000 ராண்ட் டெபாசிட் கேட்கிறார்கள். கட்டலாமா? பின்னால் ஹப் முகத்திலிருந்து உள்ளே ஸ்பிரிங் வரை 130 மி.மீ., வெளியே ஃபெண்டர் விளிம்பு வரை 165 மி.மீ. இடம் இருக்கிறது.
- சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வாசகர்

பதில்: கட்ட வேண்டாம், தம்பி. உங்கள் டேப் பொய் சொல்லவில்லை, ஆனால் ஐந்து ஸ்டட் உள்ள ஹப்பை அப்படி அளக்கக் கூடாது. நான்கோ ஆறோ இருந்தால் ஒன்றுக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்கும். ஐந்தில் நேர் எதிரே எதுவும் இல்லை. நீங்கள் அளந்தது ஒன்றைத் தாண்டி அடுத்ததற்கு உள்ள தூரம். அதை 1.0515 ஆல் பெருக்கினால்தான் பி.சி.டி. கிடைக்கும். 114.7 ஐப் பெருக்கிப் பாருங்கள், 120.6 வரும். அது செவ்ரோலெட் அளவு. பழைய ஃபோர்டுக்கு வரும் டிஸ்க் கிட் பலவும் செவ்ரோலெட் அளவிலேயே வருவதால் இதில் ஆச்சரியமும் இல்லை. இரண்டு எண்ணும் 114 என்று வந்து நிற்பதில்தான் ஏமாற்றமே இருக்கிறது. பின்பக்கத்தையும் இதே மாதிரி அளந்து பாருங்கள். உண்மையிலேயே 114.3 என்றால் டேப்பில் 108, 109 தான் காட்டும்.

ஆக, முன்னால் ஒரு அளவு, பின்னால் ஒரு அளவு. ஹப்புக்கும் வீலுக்கும் இடையில் அடாப்டர் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வீலுக்கும் இரண்டு வரிசை நட்டைக் கவனிக்க வேண்டும், வீலும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். முன்னால் ஓர் அளவிலும் பின்னால் ஓர் அளவிலும் வீல் வாங்கினால் ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் உதவும். இதைவிட நல்ல வழி, பின் ஆக்சில் முகத்திலும் டிரம்மிலும் நல்ல இஞ்சினியரிங் ஒர்க்‌ஷாப்பில் புதிதாக 120.65 இல் ஓட்டை போட்டு வாங்குவது. அதை முடித்துவிட்டு நான்கும் ஒரே அளவில் வாங்குங்கள்.

அடுத்தது டயர். பலரும் வீலை வாங்கிவிட்டு டயரைத் தேடுகிறார்கள். எனக்கு அது தலைகீழ் வேலை. முதலில் டயரை முடிவு செய்யுங்கள், அதுவும் நம் ஊரில் வெடித்தால் மறுநாளே கிடைக்கிற அளவில். முன்னால் 195/65 ஆர் 15, பின்னால் 235/75 ஆர் 15 போடலாம். பின்னது பக்கி (பிக்-அப் வண்டி) டயர், எந்தக் கடையிலும் இருக்கும். ஆனால் மண்ரோட்டுப் பல் வைத்ததை எடுத்துவிடாதீர்கள், தார் ரோட்டுப் பல்லாகக் கேட்டு வாங்குங்கள். முன்னது 634 மி.மீ. உயரம், பின்னது 733. வித்தியாசத்தில் பாதி, அதாவது சுமார் 50 மி.மீ., பின்பக்கம் தூக்கி நிற்கும். ராடுக்கு வேண்டிய அந்தக் குனிந்த நிலை டயரிலேயே வந்துவிடும்.

இப்போது நீங்கள் கொடுத்த இடத்துக்கு வருவோம். மொத்தம் 295 மி.மீ. இருபக்கமும் 25 விட்டால் மிச்சம் 245. ஏழு இஞ்ச் ரிம்மில் 235 டயர் ஏறக்குறைய 240 அகலத்துக்கு விரியும், எனவே இடம் போதும். ஆனால் உள்ளே இடம் குறைவு, வெளியே அதிகம். டயரின் நடுக்கோடு ஹப் முகத்திலிருந்து சுமார் 15 மி.மீ. வெளியே வர வேண்டும். 7 இஞ்ச் ரிம், விளிம்புகளையும் சேர்த்தால் 8 இஞ்ச். அதில் பாதி 4. அதில் அந்த 15 மி.மீ.ஐ, அதாவது ஏறக்குறைய அரை இஞ்சைக் கழியுங்கள். எனவே மூன்றரை இஞ்ச் பேக்ஸ்பேஸ் (ஹப்பில் உட்காரும் முகத்திலிருந்து வீலின் உள்விளிம்பு வரை உள்ள தூரம்) கேளுங்கள். இந்த அளவெல்லாம் கார் முழு எடையோடு தரையில் நிற்கும்போது எடுத்ததுதானே? ஜாக்கில் நின்றபோது எடுத்திருந்தால் மறுபடி எடுங்கள். அப்புறம் ஒன்று: இந்த மாடலில் பின் ஃபெண்டர் டயரின் மேல்பகுதியை மூடிக்கொண்டு இறங்கும். 733 மி.மீ. டயர் அந்த வாய் வழியாக வெளியே வருமா என்று அட்டையில் வட்டம் வெட்டிப் பார்த்துவிடுங்கள். பஞ்சரான அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

வாங்கும்போது ரசீதில் கார், வருடம், பி.சி.டி., பேக்ஸ்பேஸ் நான்கையும் கடைக்காரரை எழுதச் சொல்லுங்கள். 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 55 ஆவது பிரிவின்படி, எதற்கு வேண்டும் என்று சொல்லி விஷயம் தெரிந்த கடையில் வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் சொன்னதை அப்புறம் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கேள்வி: ஒருவர் வீட்டில் நான்கு டயர் விற்கிறார். ஒருநாள்கூட ஓடாதவை, பல்லில் ரப்பர் முடிகூடப் போகவில்லை. பாதி விலை. பக்கத்தில் 1114 என்று இருக்கிறது. வாங்கலாமா?
- பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

பதில்: அந்த நான்கு இலக்கம் தயாரித்த தேதி: 2014 இன் 11 ஆவது வாரம். ஓடாவிட்டாலும் ரப்பர் கிழடாகும். பல் ஆழம் சட்டம் கேட்கும் 1 மி.மீ.ஐவிடப் பல மடங்கு இருக்கலாம், போலீஸ்காரரும் விட்டுவிடுவார். ஆனால் என்3 நெடுஞ்சாலை வெயிலில் வேகமாகப் போகும்போது பல் ஆழம் டயரைக் காப்பாற்றாது. பக்கச்சுவரை மடக்கிப் பாருங்கள், மயிரிழை விரிசல் தெரியும். தெரியாவிட்டாலும் வேண்டாம், அம்மா. தொழிலாக விற்காத தனி ஆளிடம் 'ஃபுட்ஸ்டூட்ஸ்' (இருக்கிறபடியே, குறைக்குப் பொறுப்பில்லை) என்று வாங்கினால், கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்க உள்ள ஆறு மாத உரிமையும் கிடையாது. அவர் தெரிந்தே குறையை மறைத்தார் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

கேள்வி: முன்னால் வெள்ளைப்பட்டை கிராஸ்ப்ளை (உள்நூல் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை டயர்), பின்னால் ரேடியல் (இன்றைய வகை). அழகுக்காகத்தான். ஆபத்தா?
- ஃபீனிக்ஸ் வாசகர்

பதில்: இதைத் தலைகீழாகப் போட்டால்தான் பெரிய ஆபத்து. முன்னால் ரேடியல் பிடித்துக்கொள்ளும், பின்னால் கிராஸ்ப்ளை வழுக்கி வால் சுற்றிவிடும். நீங்கள் சொல்வது அதைவிடத் தேவலாம். ஆனாலும் மழையில் ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கும்போது இரண்டு விதமாக இழுக்கிற கார் எனக்கு வேண்டாம். வெள்ளைப்பட்டை வைத்த ரேடியலே இறக்குமதியில் கிடைக்கிறது. விலை அதிகம்தான், நான்கும் அதுவே போடுங்கள். கறுப்பு டயருக்கும் ரிம்முக்கும் இடையில் செருகும் வெள்ளை ரப்பர் வளையத்தை வாங்காதீர்கள். உள்ளே மண் புகுந்து பக்கச்சுவரை அரித்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.