மூடிய பின்னும் ஓடும் தண்டர்பேர்ட்

கேள்வி: லினக்ஸ் கணினியில் தண்டர்பேர்ட் மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்துகிறேன். சாளரத்தை மூடிவிட்டு மீண்டும் திறந்தால், 'தண்டர்பேர்ட் ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. கணினியை மறுதொடக்கம் செய்தால்தான் சரியாகிறது. புரொஃபைல் கோப்புறையில் (அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) உள்ள 'லாக்' (lock, பூட்டு) கோப்பை அழித்துவிடும்படி நண்பர் சொல்கிறார். அழிக்கலாமா?

பதில்: வேண்டாம். குறைந்தபட்சம், பழைய பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வரை அந்தக் கோப்பின் மேல் கை வைக்க வேண்டாம். ஒரே புரொஃபைலில் இரண்டு தண்டர்பேர்ட்கள் ஒரே நேரத்தில் எழுதி, அஞ்சல் கோப்புகளையும் அவற்றின் அட்டவணைகளையும் சிதைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டே வைக்கப்பட்டிருக்கிறது. உண்மையில் அது சாதாரணக் கோப்பு அல்ல; பூட்டியது எந்தக் கணினி, எந்த பிராசஸ் என்பதை ஐபி முகவரியாகவும் பிராசஸ் எண்ணாகவும் தாங்கி நிற்கும் ஒரு சிம்லிங்க், அதாவது வேறொன்றைச் சுட்டும் இணைப்பு. அதே கணினியில் அந்த எண்ணுக்குரிய பிராசஸ் இறந்துபோயிருந்தால், அடுத்த முறை திறக்கும்போது தண்டர்பேர்டே அதை அகற்றிவிடும். ஹோம் கோப்புறை பிணையத்தில் இருந்து, பூட்டியது வேறொரு கணினியாக இருந்தால்தான், அங்கும் தண்டர்பேர்ட் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கையால் அழிக்கும் தேவை வரக்கூடும்.

ஆகவே டெர்மினலைத் திறந்து, 'ps aux' கட்டளை தரும் பட்டியலில் தண்டர்பேர்ட் இருக்கும் வரியைத் தேடி, அதன் நிலையைக் காட்டும் எழுத்தைப் பாருங்கள். 'எஸ்' (S) என்றிருந்தால் எதற்காகவோ காத்திருக்கிறது. 'ஆர்' (R) என்றிருந்தால் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது. 'டி' (D) என்பதுதான் சங்கடமானது: வட்டோ பிணையக் கோப்பமைப்போ பதில் தரும் வரை பிராசஸ் கெர்னலுக்குள்ளேயே (இயங்குதளத்தின் மையப் பகுதி) சிக்கிக் கிடக்கிறது என்று பொருள். அந்த நிலையில், கட்டாயமாக நிறுத்தும் எண் 9 சிக்னல்கூடப் பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. வட்டையோ பிணையத்தையோதான் கவனிக்க வேண்டும்.

'எஸ்' நிலைக்குப் பெரும்பாலும் பிணையமே காரணம். கணக்கு அமைப்புகளில், சர்வர் பகுதியில், வெளியேறும்போது இன்பாக்ஸைச் சுத்தம் செய்யவும் குப்பைத்தொட்டியைக் காலி செய்யவும் இரண்டு தேர்வுகள் உண்டு. அவை இயக்கப்பட்டிருந்தால், சாளரம் மறைந்த பிறகும் தண்டர்பேர்ட் ஐமேப் (அஞ்சல்) சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும். வைஃபை அறுந்தோ, மடிக்கணினி உறங்கி எழுந்தோ பழைய இணைப்பு செத்திருந்தால், வராத பதிலுக்காகக் காத்துக் கிடக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: ஆஃப்லைன் நிலைக்கு மாற்றிவிட்டு வெளியேறிப் பாருங்கள். உடனே மூடிக்கொண்டால், அந்த இரண்டு தேர்வுகளையும் நீக்கிவிடுங்கள். அப்போதும் தயங்கினால், உதவி மெனுவில் உள்ள பிழைதீர்ப்பு முறையில், அதாவது ஆட்-ஆன்கள் (கூடுதலாகச் சேர்த்த துணைநிரல்கள்) இல்லாமல், ஒருமுறை இயக்கி மூடிப் பாருங்கள்; பெரும்பாலும் ஏதாவது ஒரு ஆட்-ஆன் பிடிபடும்.

நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், முதலில் 'கில்' (kill) கட்டளையை, சிக்னல் எண் எதுவும் சேர்க்காமல், பிராசஸ் எண்ணோடு மட்டும் கொடுங்கள். அது அனுப்பும் எண் 15 சிக்னல், வெளியேறும்படி கேட்டுக்கொள்வது. ஒரு நிமிடமாவது பொறுத்துப் பார்த்தும் அசையாவிட்டால் மட்டுமே எண் 9. அது நடுவில் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே வெட்டிவிடும் என்பதால், பிறகு தேடல் சரியாக வேலை செய்யாவிட்டால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைலில் உள்ள 'குளோபல் மெசேஜஸ் டிபி' (global-messages-db.sqlite) என்ற எஸ்கியூலைட் கோப்பை நீக்குங்கள். அது தேடலுக்கான அட்டவணை மட்டுமே. அடுத்த முறை தானே மீண்டும் உருவாகும்.

பட்டியலில் தண்டர்பேர்டே இல்லாதபோதும் இதே அறிவிப்பு வந்தால், எப்போதாவது 'சூடோ' (sudo, நிர்வாகி உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டு அதை இயக்கினீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இயக்கும்போது புரொஃபைல் கோப்புகள் ரூட்டின், அதாவது நிர்வாகிக் கணக்கின், உடைமையாகிவிடுவதுண்டு. உடைமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: எவலூஷன் மின்னஞ்சல் செயலியை மூடிய பிறகும் அதன் பெயரில் சில பிராசஸ்கள் ஓடுகின்றன. இதுவும் அதே கோளாறா?

பதில்: இல்லை. நாள்காட்டி, முகவரிகள், நினைவூட்டல்கள் ஆகியவற்றை மேசைத்தளத்துக்கு வழங்கும் பின்னணிச் சேவைகள் அவை, ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. கேமெயில் என்ற மற்றொரு அஞ்சல் செயலிக்குப் பின்னால் ஓடும் அகோனாடி சேவையும் அப்படித்தான். எவலூஷன் மறுபடி திறக்க மறுக்காத வரை அவற்றை அப்படியே விட்டுவிடலாம்.