தனுஷ்கோடி ஸ்டேஷன் யாருக்காக?

ஐயா, போன மாதம் குடும்பத்தோடு தனுஷ்கோடி போயிருந்தோம். வழிகாட்டி ஓர் இடிந்த சுவரைக் காட்டி, 'இதுதான் ஸ்டேஷன், புயலில் ரயிலே கடலுக்குள் போய்விட்டது' என்றார். கோயில் இராமேஸ்வரத்தில் இருக்கும்போது இவ்வளவு தூரம் மணலில் எதற்கு ஸ்டேஷன் கட்டினார்கள்?
- கே., பரமக்குடி

அன்புள்ள கே.,

எல்லோரும் அந்த ஒரு ராத்திரியைத்தான் கேட்பார்கள். நீங்கள் அதற்கு முந்தைய ஐம்பது வருஷத்தைக் கேட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.

அது கொழும்புக்காகக் கட்டிய ஸ்டேஷன். அதற்கு முன் கொழும்பு போக வேண்டுமென்றால் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும், பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று இராமேஸ்வரத்துக்கும் மற்றது சுமார் 24 கி.மீ. ஓடித் தனுஷ்கோடிக்கும் போனது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கி, 35 கி.மீ. கடலைக் கப்பலில் தாண்டி, இலங்கைக் கரையில் உள்ள தலைமன்னாரில் அடுத்த ரயில். அங்கே அகலப் பாதை, இங்கே அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ். கடலில் பாலமே போட்டிருந்தாலும் நம் பெட்டி அங்கே உருண்டிருக்காது!

துரைமார்களும் வியாபாரிகளும் மட்டும் போன வழி இல்லை இது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனங்களை மண்டபம் முகாமில் நாள்கணக்கில் நிறுத்தி, காலரா அம்மை எதுவும் இல்லையென்று பார்த்த பிறகுதான் கப்பலேற விட்டார்கள்.

1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போனது, உங்கள் வழிகாட்டி சொன்னது சரிதான். அவர் சொல்லாதது, அதே புயலில் சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்தவர்கள் இந்தப் பாதையை மறுபடி போடவே இல்லை என்பது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிவிட்டது. புயலுக்கு இரண்டு மாதம் முன்னால்தான், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பல லட்சம் பேரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புவது பற்றிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அதன்படி திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் வந்து இறங்கியது இராமேஸ்வரத்தில். தாத்தா கப்பலேறிய ஊரைப் பேரன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

நான் முதலில் போனது ரோடு போடுவதற்கு முன், வேனில், மணலில் தலை கூரையில் இடிக்க இடிக்க. இப்போது நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார் ரோடு. அடுத்த தடவை போனால், எல்லோரும் போட்டோ எடுக்கும் தேவாலயத்தோடு திரும்பிவிடாமல், கரி எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த தொட்டியின் தூண்களையும் தேடிப் பாருங்கள். காலையிலேயே கிளம்புங்கள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் விடமாட்டார்கள்.