பதினைந்து வோல்ட்

கேள்வி: அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய மின் அதிர்ச்சிச் சோதனையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கடைசி விசைவரை அழுத்தினார்களாமே! வாய்ப்புக் கிடைத்தால் மனிதன் கொடியவன்தான் என்று தெரிகிறது. சின்ன வயதிலேயே அடக்கமும் கீழ்ப்படிதலும் சொல்லி வளர்ப்பதுதானே இதற்கு மருந்து?
– ஒரு வாசகர், தேனி

பதில்: இல்லை. நீங்கள் மருந்து என்று கேட்பதுதான் அங்கே நோயாக இருந்தது.

1961இல் நியூ ஹேவன் நகரில் தொடங்கிய சோதனை அது. 1963இல் வெளியான முதல் அறிக்கையில் இருப்பவர்கள் 20 முதல் 50 வயது வரையான 40 ஆண்கள். ஆசிரியர், விற்பனையாளர், தொழிலாளி என்று எல்லா வகையிலும் ஆட்கள். நாலரை டாலர் கொடுத்தார்கள். வந்ததற்கே அந்தப் பணம், நடுவில் என்ன நடந்தாலும் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்கள். காசுக்காகச் செய்தார்கள் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்த அறையில் இருப்பவர் கேள்விக்குத் தவறாகப் பதில் சொன்னால் மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு தவறுக்கும் ஒரு விசை மேலே ஏற வேண்டும் என்பதுதான் வந்தவர்களுக்குச் சொன்ன வேலை. எதிரே இருந்த பெட்டியில் 30 விசைகள். முதல் விசை 15 வோல்ட், பதினைந்து பதினைந்தாக ஏறிக் கடைசி 450. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், ரீங்காரம் கேட்கும், மீட்டர் முள் வலப்பக்கம் சாயும். அடுத்த அறையில் கட்டப்பட்டிருந்தவர் நடிக்கிறார், மின்சாரமே பாயவில்லை என்பது அழுத்துகிறவருக்குத் தெரியாது. (சிலர் சந்தேகப்பட்டார்கள் என்பதும் உண்மை.) 300 வோல்ட்டில் அந்த நடிகர் சுவரை உதைப்பார். 315இல் மறுபடியும். பிறகு சத்தமே இருக்காது. பதில் வராவிட்டால் அதையும் தவறான பதிலாகக் கணக்கிட்டு அடுத்த விசைக்குப் போகச் சொன்னார்கள். 300க்கு முன்னால் நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. 26 பேர் 450 வரை போனார்கள்.

சூட்சுமம் அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பில் 450ஐ அழுத்தச் சொல்லியிருந்தால் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள்? 180ஐ அழுத்தியவருக்கு 195 பெரிய விஷயமில்லை. 195இல் நிறுத்தினாலோ, 180 ஏன் சரி என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வதைவிட அடுத்த விசையை அழுத்துவது சுலபம்.

கட்டளையிட்டவர் கையில் கம்பு இல்லை. சாம்பல் நிற கோட்டும், 'தயவுசெய்து தொடருங்கள்' என்று தொடங்கும் நான்கு வாக்கியங்களும் மட்டுமே. எழுந்து போவதென்றால் பெரிய மனிதர் முகத்துக்கு நேரே 'நீங்கள் செய்வது தப்பு' என்று சொல்ல வேண்டும். மரியாதை தெரிந்தவர்களுக்கு அதற்குத்தான் வாய் வரவில்லை. வேறொரு சுற்றில் கட்டளையிடுபவர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் கட்டளையிட்டார். கடைசிவரை கீழ்ப்படிந்தவர்கள் மொத்தப் பேரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தார்கள். அதிலும் சிலர், குறைந்த விசையையே தட்டிக்கொண்டு 'ஏற்றிவிட்டேன்' என்று போனில் பொய் சொன்னார்கள். கருணை இருந்தது, மறுக்கத்தான் முடியவில்லை.

இவர்களைக் கொடியவர்கள் என்கிறீர்கள். கொடியவன் கை நடுங்குமா? வியர்த்தார்கள், திக்கினார்கள், உதட்டைக் கடித்தார்கள், நகத்தைச் சதையில் அழுத்திக்கொண்டார்கள். 14 பேருக்கு அடக்க முடியாத அசட்டுச் சிரிப்பு வந்தது; மூவருக்கு உடலே உலுக்கிவிட்டது. நிதானமாகச் சிரித்துக்கொண்டே வந்த வியாபாரி ஒருவர் இருபதே நிமிடத்தில் காது மடலை இழுத்து இழுத்து, முஷ்டியால் நெற்றியை அழுத்தி, கடவுளே நிறுத்துவோம் என்று முனகினார். முனகிக்கொண்டே கடைசிவரை அழுத்தினார். வேண்டாம் என்று உடம்பு கதறியது, கை கேட்கவில்லை. அடக்கத்துக்கு அந்த மனிதர் கொடுத்த விலை அது. இப்படி மனிதர்களைக் கலங்கடித்தது முறையா என்று 1964இல் டயானா பாம்ரிண்ட் என்ற உளவியலாளர் மில்கிராமையே கேட்டார், நியாயமான கேள்வி.

பிள்ளைக்குப் பெரியவர்களை மதிக்கச் சொல்லிக்கொடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே 'இதை நான் செய்ய மாட்டேன்' என்ற வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். சின்ன விஷயத்திலேயே, முதல் விசையிலேயே. 'யார் பொறுப்பு?' என்று கேட்கப் பழக்கினால் மட்டும் போதாது. அங்கேயும் கேட்டார்கள், 'நான் பொறுப்பு' என்று பதில் வந்ததும் சமாதானமாகித் தொடர்ந்தவர்கள் உண்டு. அப்புறம், மறுக்கிற பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். இன்னொரு சுற்றில் பக்கத்தில் இருவரை உட்காரவைத்து, ஒருவர் 150 வோல்ட்டிலும் மற்றவர் 210இலும் 'மாட்டேன்' என்று விலகும்படி ஏற்பாடு செய்தார்கள். அன்று கடைசி விசைவரை போனவர்கள் 40இல் நான்கே பேர்.