இங்கிலாந்தில் அசைலமும் லீகல் எய்ட்டும்: கேள்வி பதில்

லண்டனில் அசைலம் (புகலிடம்) கேட்பவர்களின் லீகல் எய்ட் கேஸ்களில், அதாவது லோயருக்கு அரசாங்கமே காசு கொடுக்கிற கேஸ்களில், பல வருடமாக வேலை செய்கிறேன். கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும்.

கேள்வி: அண்ணா, லீகல் எய்ட் லோயர் கவனமெடுக்க மாட்டார், காசு கட்டினால்தான் கேஸ் வெல்லும் என்கிறார்களே?

பதில்: அப்படி இல்லை. அவருக்கும் காசு வருகிறது, அரசாங்கம் கொடுக்கிறது. தொகையில்தான் பிரச்சினை. முதல் கட்ட வேலைக்குப் பல வருடமாக 413 பவுண்ட்தான் இருந்தது, மணிக்கணக்கு வீதமோ 1996க்குப் பிறகு பல வருடமாக ஏறவே இல்லை, 2011இல் 10 சதவீதம் வெட்டினார்கள். அந்தக் காசுக்கு எட்டு மணி நேரம்தான் வேலை செய்ய முடிந்தது. தடுப்பில் அடிவாங்கிய ஒருவர் வாய் திறப்பதற்கே அதில் பாதி போய்விடும். பொறுமையாகக் கேட்கிற லோயருக்கு நட்டம், அவசரமாக முடிக்கிறவருக்கு லாபம். இது எனக்குப் பொறுக்கவே முடியாத அநியாயம். 2010இல் ரெஃபியூஜி அண்ட் மைக்ரன்ட் ஜஸ்டிஸ், அடுத்த வருடம் இமிகிரேஷன் அட்வைசரி சர்வீஸ் என்று இந்த லீகல் எய்ட் வேலை செய்த இரண்டு பெரிய அமைப்புகள் மூடப்பட்டன. வீதத்தைக் கூட்டுவோம் என்று அரசு அறிவித்தது 2024 நவம்பரில்தான்.

கேள்வி: என் லோயர் ஒழுங்காகச் செய்கிறாரா என்று எப்படி அறிவது?

பதில்: உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் வரி வரியாக வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். ஆர்மி கேம்பில் வைத்திருந்தார்கள் என்று நீங்கள் சொன்னது போலீஸ் ஸ்டேஷன் என்று பதிவாகியிருந்தால், மறுப்புக் கடிதத்தில் ஹோம் ஆபிஸ் (அசைலம் முடிவை எடுக்கும் உள்துறை அமைச்சு) அதைத்தான் முதலில் பிடிக்கும். அடுத்தது தழும்பு. சித்திரவதைத் தழும்பு இருந்தால் மருத்துவ அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள், அந்தச் செலவுக்கும் லீகல் எய்ட்டில் அனுமதி கேட்கலாம். ஒரு இலங்கைத் தமிழரின் சூடு வைத்த தழும்புகளை அவரே சம்மதித்துப் போட்டுக்கொண்டதாகச் சொல்லி தீர்ப்பாயம் தள்ளிய கேஸை, 2019இல் உச்ச நீதிமன்றம் திரும்ப விசாரிக்க அனுப்பியது. மருத்துவரின் அறிக்கை இல்லாவிட்டால் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

கேள்வி: ரிஜெக்ட் ஆகிவிட்டது. அப்பீலுக்கு வரமாட்டேன் என்கிறார் லோயர்.

பதில்: வெல்லும் வாய்ப்புக் குறைவு என்று நினைத்தால் விலகலாம், ஆனால் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது அக்கா. சி டபிள்யூ 4 படிவத்தில் காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள், அதை வைத்து, லீகல் எய்ட் காசைக் கொடுக்கும் அரசு அமைப்பான லீகல் எய்ட் ஏஜென்சியிடம் மறுபரிசீலனை கேட்கலாம். அப்பீல் போட 14 நாள்தான் இருக்கிறது, இந்த முடிவுக்காகக் காத்திருக்காமல் முதலில் அதைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளிமத்தில் இருக்கிறேன், லோயரே கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் 800 பவுண்டுக்கு ஸ்டேட்மெண்ட் எழுதித் தருகிறாராம்.

பதில்: கொடுக்காதீங்க தம்பி. பதிவில்லாமல் இமிகிரேஷன் ஆலோசனை கொடுப்பது இங்கே குற்றம், அவர் எழுதியதில் பிழை இருந்தால் மாட்டுவது நீங்கள். உங்கள் பக்கம் லோயர் தட்டுப்பாடு என்பது உண்மைதான், அதனால் வேறு ஊர் அலுவலகங்களையும் கேளுங்கள், ஃபோனிலும் வீடியோவிலும் கேஸ் எடுக்கிறார்கள். கிடைத்த லீகல் எய்ட் லோயர் அதே வேலைக்கு மேலதிகமாகக் காசு கேட்டால் அதுவும் விதிமீறல், முறைப்பாடு செய்யலாம்.

கேள்வி: இடையில் லோயரை மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆறு மாதத்துக்குள் என்றால் சரியான காரணம் காட்ட வேண்டும், அதனால் எந்தத் தேதியில் அழைத்தீர்கள், எப்போது பதில் வரவில்லை என்று எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.