மடிக்குழந்தையுடன் விமானப் பயணம்: பணிப்பெண்கள் பொறுப்பு எதுவரை, பெற்றோர் பொறுப்பு எதுவரை?

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஐந்து வயது மகன், பதினான்கு மாத மகள், மாமியார் ஆகியோருடன் சென்னையிலிருந்து முதன்முறையாக விமானம் ஏறப்போகிறேன். மகளுக்குத் தனி இருக்கை வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் டிராவல் ஏஜென்ட். "பெற்றவள் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?" என்கிறார் மாமியார். மடி போதுமா? ஏதாவது நேர்ந்தால் பணிப்பெண்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வார்களா, அல்லது எல்லாம் என் பொறுப்புதானா?

பதில்: சட்டப்படி மடி போதும். பாதுகாப்பின்படி போதாது. விமானப் பணியாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளித்தவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன். முதலில் ஒரு தைரியம்: விமானப் பயணம் மிகவும் பத்திரமானது. ஆயிரக்கணக்கான மடிக்குழந்தைகள் தினமும் பத்திரமாகப் போய்ச் சேருகிறார்கள். நான் சொல்லப்போவது அரிதாக நேரும் அந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான்.

இரண்டு வயது நிறையாத குழந்தையைப் பெரியவர் ஒருவர் மடியில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. ஆனால் நாம் உட்காரும் இருக்கையை எப்படிச் சோதிக்கிறார்கள் தெரியுமா? முன்னோக்கிய மோதலில் புவியீர்ப்பைப் போல 16 மடங்கு விசையைத் தாங்கும்படி நவீன விமான இருக்கைகளை வடிவமைக்கிறார்கள். அந்த அளவு விசையில் பத்து கிலோ எடையுள்ள உங்கள் மகள் 160 கிலோவாகக் கனப்பாள். மூன்று சிமென்ட் மூட்டைக்கும் மேல். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. அன்புக்கோ தைரியத்துக்கோ அங்கே வேலை இல்லை, எலும்புக்கும் தசைக்கும் உள்ள எல்லை அது.

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 என்ற விமானம் விபத்துக்குள்ளானது. அதில் நான்கு மடிக்குழந்தைகள் இருந்தார்கள். அன்றைய விதிமுறைப்படி, குழந்தைகளைத் தரையில் படுக்க வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். நால்வரில் ஒரு குழந்தை இறந்தது. குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் கட்டும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அதன் பிறகு பல ஆண்டுகள் போராடினார் அவர். 1994இல் சார்லட் நகரில் நடந்த இன்னொரு விபத்தில், ஒன்பது மாதக் குழந்தையைத் தாயால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. முறையாகக் கட்டப்பட்டிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்கக்கூடும் என்றே அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது.

அப்படியிருந்தும் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் தனி இருக்கையைக் கட்டாயமாக்கவில்லை. கட்டாயமாக்கினால் செலவுக்கு அஞ்சிப் பல குடும்பங்கள் காரில் போகும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் இறப்பார்கள் என்று 2005இல் காரணம் சொன்னது. இதிலிருந்து உங்களுக்கு இரண்டு செய்திகள். ஒன்று, சட்டம் மௌனமாக இருப்பதால் மடி பத்திரம் என்று ஆகிவிடாது. முடிவைச் சட்டம் உங்களிடம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். மற்றொன்று சாலையைப் பற்றியது.

உங்கள் பயணத்தில் நான் அதிகம் கவலைப்படும் பகுதி மீனம்பாக்கத்துக்கு முன்பே தொடங்குகிறது. குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டாவுக்கு வந்து, வேலூர், வாலாஜா, காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக நெடுஞ்சாலையில் மூன்று, நான்கு மணி நேரம். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவிலோ விடியற்காலையிலோ கிளம்புவதால், ஓட்டுநரும் தூக்கத்தோடு போராடும் நேரம் அது. நம் ஊரில் வழக்கம் என்ன? முன் இருக்கையில் தாய், மடியில் குழந்தை. ஏர்பேக் வெடித்து விரிந்தால் அது நேராகக் குழந்தையின் தலையில்தான் மோதும். பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைச் சீட் பெல்ட்டிலோ குழந்தை இருக்கையிலோ பிணைக்காமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு சொல்கிறது. அபராதத்தை விடுங்கள். இருவரையும் பின் இருக்கையில் வையுங்கள். மகனுக்கு பெல்ட், மகளுக்குக் குழந்தை இருக்கை.

காரிலும் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று சான்று பெற்ற குழந்தை இருக்கைகள் கடைகளில் கிடைக்கின்றன. அமெரிக்கச் சான்று பெற்றவற்றில் அதைச் சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அப்படி ஒன்றை வாங்கினால் காட்பாடி சாலையிலிருந்து மஸ்கட் வீதி வரை ஒரே இருக்கை போதும். ஆனால் மகளுக்கு விமானத்தில் தனி டிக்கெட் எடுத்தால்தான் அதைப் பொருத்த முடியும். வாங்குவதற்கு முன் அதன் மாடல் பெயரையும் அகலத்தையும் விமான நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். கவுன்ட்டரில் நின்று வாதாடும் நிலைமை வரக்கூடாது. காரில் பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்கார வைக்கும் வெறும் மேடை இருக்கைகள் விமானத்துக்கு ஆகாது.

தனி டிக்கெட் எடுக்க வசதி இருந்தால் எடுங்கள் என்பதே என் கருத்து. நகைக்கும் பரிசுப் பொருள்களுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு மாற்றினாலும் தவறில்லை. முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மடிதான் என்றால், விமானத்தில் ஏறியதும் குழந்தைக்கான கூடுதல் பெல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதை உங்கள் பெல்ட்டின் வளையத்தில் கோர்த்து, குழந்தையின் இடுப்பில் தனியாகப் பூட்ட வேண்டும். உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது மிக ஆபத்து: மோதலில் உங்கள் உடல் எடை முழுவதும் அவள் மேல் அழுந்தும். கூடுதல் பெல்ட்டும் பெரிய மோதலுக்குப் பரிகாரம் அல்ல. அமெரிக்காவில் புறப்பாட்டிலும் தரையிறக்கத்திலும் அதை அனுமதிப்பதில்லை. ஆனால் விமானம் திடீரென்று குலுங்கும்போது குழந்தை மேலே தூக்கி எறியப்படாமல் அது தடுக்கும்.

குலுக்கல் நாம் நினைப்பதைவிடக் கடுமையாக இருக்கலாம். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்ற சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியான்மர் வான்வெளியில் குலுங்கியபோது, ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தில் பயணிகள் இருக்கையிலிருந்து மேலே எழும்பும் அளவுக்கு விசை திசைமாறியது. பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். பயணி ஒருவர் உயிரிழந்தார். அதனால் பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் உங்கள் பெல்ட்டும் பிள்ளைகளின் பெல்ட்டும் பூட்டியே இருக்கட்டும். தூளி போன்ற பைகளில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு புறப்பாட்டில் உட்காருவதும் சரியல்ல. சுவரில் மாட்டும் தொட்டில் கிடைத்தாலும், பெல்ட் விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையைத் தூக்கி எடுத்தே ஆக வேண்டும். அழுவாளே என்று தயங்காதீர்கள்.

இனி, பணிப்பெண்கள் பார்த்துக்கொள்வார்களா என்ற உங்கள் கேள்வி. ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்பது பொது அளவு. 180 பேர் அமரும் விமானத்தில் நால்வர் இருப்பார்கள். அவசரம் என்றால் அவர்கள் தீயை அணைக்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், எல்லோரையும் வெளியேற்ற வேண்டும். பாதிக் கதவுகள் மூடியிருந்தாலும் 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும் என்பதே விமானத்துக்கான சோதனை. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையின் கையைப் பிடிக்க அவர்களால் முடியாது. ஆகவே இப்போதே முடிவு செய்யுங்கள்: மகள் உங்கள் பொறுப்பு, மகன் மாமியார் பொறுப்பு. பைகளை விட்டுவிடுங்கள். மாமியாரிடம் இதை வீட்டிலேயே பேசி வையுங்கள். நகைப் பையை எடுக்கத் திரும்பும் அந்த ஒரு நொடி பின்னால் வருபவர்களையும் பாதிக்கும்.

உட்காரும் இடமும் இதனோடு சேர்ந்ததுதான். நால்வருக்கும் ஒரே பிஎன்ஆர் எண்ணில் டிக்கெட் எடுங்கள். பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு, அதே பிஎன்ஆரில் வரும் பெற்றோரில் அல்லது பாதுகாவலரில் ஒருவர் அருகில் இருக்கை தர வேண்டும் என்று இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. மாமியாரின் டிக்கெட்டை வேறு எண்ணில் எடுத்துவிட்டு ஏறிய பிறகு இடம் மாற்றித் தாருங்கள் என்று கேட்பது எல்லோருக்கும் சிரமம். மகளுக்குக் குழந்தை இருக்கை வைத்தால் அது ஜன்னல் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். நடைபாதைப் பக்கம் வைத்தால் மற்றவர் வெளியேறத் தடையாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மூன்று இருக்கைகள் கொண்ட வரிசையில் காற்றழுத்தம் குறைந்தால் பொதுவாக நான்கு ஆக்சிஜன் முகமூடிகளே மேலிருந்து விழும். அதனால்தான் ஒரே வரிசையில் இரண்டு மடிக்குழந்தைகளை அனுமதிப்பதில்லை. கைக்குழந்தையோடு வரும் யாரோ ஒருவருடன் பேசிக்கொண்டே போகலாம் என்று பணிப்பெண்ணிடம் சொல்லாமல் இடம் மாறினால், ஒரு குழந்தைக்கு முகமூடி இல்லாமல் போய்விடும்.

முகமூடியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் தாய்மார்களின் மனம் இங்கேதான் எதிர்க்கிறது. முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகுதான் பிள்ளைக்கு. 35,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் போய்விட்டால் தெளிவாகச் செயல்பட உங்களுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும். குழந்தை முரண்டு பிடிப்பாள், முகத்தைத் திருப்புவாள்; அந்தப் போராட்டத்திலேயே நீங்கள் மயங்கிவிட்டால் இருவருக்கும் உதவ ஆள் இல்லை. உங்களுடையதை மாட்ட ஐந்து வினாடி போதும். அந்த இடைவெளியில் குழந்தை மயங்கினாலும், முகமூடி மாட்டியதும் தேறிவிடுவாள். மகனுக்கு ஐந்து வயது. "மஞ்சள் கிண்ணம் விழுந்தால் இழுத்து மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொள்" என்று சொல்லிக் கொடுத்தால் அவனே செய்வான். வீட்டில் ஒரு கிண்ணத்தை வைத்து விளையாட்டாகப் பழக்குங்கள்.

விபத்தே இல்லாத சாதாரணப் பயணத்தில் குழந்தைகளுக்குக் காயம் தருபவற்றில் முக்கியமானது சூடான பானம். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, மயோர்காவிலிருந்து வியன்னாவுக்குப் பறந்தபோது, தந்தையின் தட்டில் இருந்த காபி கொட்டி வெந்துபோனாள். அதை விமான விபத்தாகக் கருதலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. விமான நிறுவனத்துக்குப் பொறுப்பு உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் விமானப் பயணிகளுக்கான இழப்பீட்டைப் பற்றிய, இந்தியா 2009இல் சேர்ந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு, இழப்பீடு கேட்பவரின் கவனக்குறைவும் காரணம் என்று நிறுவனம் நிரூபித்தால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் தருகிறது. இழப்பீடு கிடைத்தாலும் வெந்த தோல் ஆறிவிடாது. மகள் மடியில் இருக்கும்வரை தேநீர் வேண்டாம். மகனை நடைபாதை ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள். டிராலி முழங்கையிலும் விரலிலும் இடிக்கும்.

மகன் கையிலிருக்கும் கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்தால் இருக்கையைச் சாய்க்காமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். நசுங்கிய பேட்டரி தீப்பிடிக்கும். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

குழந்தை தூங்குவதற்காகச் சளி மருந்து கொடுக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். குளோர்பெனிரமினும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சிரப்பை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. காது வலிக்கு மருந்து தேவையில்லை: இறங்கத் தொடங்கியதும், அதாவது தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போது, மகளுக்குப் பால் கொடுங்கள், மகனுக்குத் தண்ணீர் மடக்கு மடக்காக. கடுமையான சளி, காது வலி இருந்தால் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். உறவினருக்கு எடுத்துப்போகும் ஆற்காடு மக்கன் பேடாவை மகளுக்கு ஊட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் பருப்புத் துண்டுகள் தொண்டையில் சிக்கும். கடலை மிட்டாயும் அப்படித்தான்.

கடைசியாகத் திரும்பும் டிக்கெட். உங்கள் மகளுக்கு இன்னும் பத்து மாதத்தில் இரண்டு வயது நிறைகிறது. அதற்குப் பிறகு வரும் பயணத்தில் மடிக்கு அனுமதியே இல்லை, தனி இருக்கை கட்டாயம். பயண நாளில் என்ன வயது என்பதைத்தான் பார்ப்பார்கள். போகும்போதே திரும்பும் டிக்கெட்டை மடிக்குழந்தைக் கட்டணத்தில் எடுத்துவிட்டு, மஸ்கட் விமான நிலையத்தில் கடைசி நேர விலையில் இன்னோர் இருக்கை வாங்க நேர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். மகளின் பிறந்த தேதியை ஏஜென்ட்டிடம் மறுபடியும் சொல்லி, திரும்பும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.