பட்டறைக் கேள்வி பதில்: செம்மண் ஊரில் செயின்

கேள்வி: அண்ணே, காரைக்குடியிலிருந்து புதுவயல் அரிசி ஆலைக்குத் தினமும் 150 சிசி பைக்கில் போய்வருகிறேன். வாரம் தவறாமல் செயினுக்குப் பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுகிறேன். அப்படியும் 14,000 கிலோமீட்டரிலேயே செயின் செட் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். என்ன தவறு செய்தேன்?
- வாசகர், காரைக்குடி

பதில்: வாரம் தவறாமல் செயினைக் கவனிக்கிற ஆள் என் பட்டறைக்கு வருவது அபூர்வம் தம்பி. உங்கள் அக்கறையில் குறையே இல்லை. ஊற்றிய எண்ணெய்தான் தப்பு.

பழைய ஆயில் கறுத்திருப்பது சும்மா இல்லை. எஞ்சினுக்குள் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் அதில் கலந்திருக்கின்றன. நீங்கள் போகிற வழியில் செம்மண், ஆலைக்குள் போனால் உமித் தூசி. எல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டி விழுதாகிவிடும். போன வாரம் வந்த ஒரு வண்டியில் அந்த விழுதை இரண்டு விரலால் எடுத்து உரசிப் பார்த்தேன். சரியாக அலசாத கீரை பல்லில் படுகிற மாதிரி நறநறவென்றது. அதைப் பூசிக்கொண்டுதான் செயின் நாள் முழுக்க ஓடுகிறது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோமே, தகடு இழுபட்டு நீளுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ஆணி மாதிரி ஒரு பின் (pin), அதன்மேல் குழாய் மாதிரி புஷ், அதற்கும் மேல் ரோலர். பின்னும் புஷ்ஷும் உரசித் தேய்வதுதான் நீளமாகத் தெரிகிறது. ஒரு கண்ணியில் மயிரிழைதான், ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகள் இருக்கின்றனவே. பின்சக்கரத்தில் இருக்கிற பல்சக்கரம், அதாவது பின் ஸ்ப்ராக்கெட், அதன் கடைசிப் பக்கத்தில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் மெக்கானிக் சொன்னது சரி. மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

புது செட்டுக்கு இப்படிச் செய்யுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், செயின் இளஞ்சூடாக இருக்கும்போதே சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மண்ணெண்ணெயை நைலான் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, பழைய பனியன் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் 90 நம்பர் கியர் ஆயில். கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், தகடும் தகடும் சேருகிற இரண்டு ஓரத்திலும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே சக்கரத்தைக் கையால் பின்னோக்கிச் சுற்றுங்கள். ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கமாகத்தான் தெறிக்கும். உள்பக்கம் விட்டால் ரோலரை நனைத்துவிட்டுத்தான் வெளியே வரும். ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில் வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள், தூசிக்கு ஒட்ட இடம் இருக்காது. 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்தால் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள், காய்ந்ததும் ஆயில் விட்டுவிடுங்கள்.

கண்ணிகளில் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயின் என்றால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் வேண்டவே வேண்டாம். கம்பெனியில் வைத்த கிரீஸை உள்ளே காப்பது அந்தச் சின்ன ரப்பர் வளையம்தான்.

இன்னொன்று. எஞ்சினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் செயினைத் துடைக்காதீர்கள். பல வருஷம் முன்னால் என்னிடம் வேலை பழக வந்த பையன் அப்படித் துடைத்தபோது, துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விட்டது. நடுவிரலின் நுனி போயிற்று. பக்கத்தில்தான் நின்றேன், தடுத்திருக்கலாம். இன்றைக்கும் அவன் டீ கிளாஸைப் பிடிக்கும்போது என் கண் அந்த விரலுக்குத்தான் போகிறது.

கேள்வி: என் வண்டியில் செயினை முழுதாக மூடிய கவர் இருக்கிறது. அதற்கும் ஆயில் வேண்டுமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டும். கவர் தூசியைத்தான் தடுக்கும். கவரில் இருக்கிற ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே விடலாம். சர்வீஸுக்கு விடும்போது கவரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் பைக்கின் பின்னால் டைல்ஸ் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். செயின் கழன்றுவிடும் என்று பயந்து விறைப்பாக இறுக்கி வைக்கிறார். பாரம் ஏற்றினால் கரகரவென்று சத்தம் வருகிறது.
- வாசகி, ஆத்தங்குடி

பதில்: அந்த இறுக்கம்தான் சத்தம் தங்கச்சி. பாரம் ஏறினால் பின் ஷாக் அப்சார்பர் அமுங்கும். சக்கரம் மேலே எழும்பும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் கூடும், செயின் இன்னும் இழுபடும். முதலிலேயே விறைப்பாக இருந்தால் அந்த இழுப்பு கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். செயின் கழன்றால் மாட்டிவிடலாம், பேரிங் போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும்.

கீழ்ச் செயினின் நடுவில் விரலை வைத்துத் தூக்கி இறக்கினால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். சக்கரத்தை நகர்த்துகிற அட்ஜஸ்டர் இரண்டு பக்கமும் ஒரே அளவுக் கோட்டில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். ஆக்ஸில் நட்டை இறுக்கிய பிறகு பின் பிரேக்கையும் பார்க்கட்டும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரத்தை நகர்த்தினால் பிரேக் ராடின் அளவு மாறிவிடும். பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, சக்கரம் பிடிக்காமல் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு டைல்ஸை ஏற்றட்டும்.